விசிறியில் சுற்றிய கயிறு

கடந்த சோளகக் காலத்தில் ஒரு நாள் பிற்பகல் நெடுந்தீவிலிருந்து திரும்ப வேண்டியிருந்தது. சேவைப் படகைத் தவறவிட்டுவிட்டோம். மாவிலித்துறையில் நின்ற தொழிலாளி ஒருவர், குறிகட்டுவானுக்கு மீன் கொண்டுபோகும் தமது கண்ணாடியிழைப் படகில் எம்மையும் ஏற்றிக்கொண்டார். எம்முடன் ஓர் ஆசிரியர், காய்ச்சலில் சுருண்டுகிடந்த ஐந்து வயதுப் பிள்ளையுடன் ஒரு தாய், படகுக்காரரின் மருமகனாகிய பதினெட்டு வயதுப் பொடியன். பிள்ளையை அன்றிரவுக்குள் யாழ்ப்பாணம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்பதே தாயின் ஒரே நினைப்பு.

பாதி வழி கழிந்திருக்கும். இயந்திரத்தின் சத்தம் திடீரென்று தடித்தது. படகு பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்ததுபோல் குலுங்கி நின்றது. ஆசிரியர், “கல்லிலை தட்டிப்போட்டுது” என்றார். “கல்லில்லை சேர், கயிறு” என்று படகுக்காரர் சொல்லி முடிப்பதற்குள், பொடியன் இயந்திரத்தை மறுபடி முடுக்குவதற்காக இழுகயிற்றில் கை வைத்துவிட்டான்.

“டேய், இழுக்காதை! கையை எடு! கியரை நியூற்றலிலை போடு!” பிறகு எம் பக்கம் திரும்பி அவர் சொன்னது: “ஒருத்தரும் பின்னுக்கு வராதேங்கோ. அக்கா, பிள்ளையோட அணியத்துக்குப் போங்கோ. மற்றாக்களும் முன்னுக்கு இருங்கோ.”

அடுத்து அவர் செய்த வேலைதான் எம்மை வியப்பில் ஆழ்த்தியது. அவர் விசிறியைப் பார்க்கவே போகவில்லை. அணியத்துக்கு வந்து முதலில் நங்கூரத்தை இறக்கினார். ஆழம் மூன்று பாகத்துக்கு மேலிருக்காது. நங்கூரம் மண்ணைப் பிடித்து, படகு அலைக்கு முகம் கொடுத்துத் திரும்பிய பின்னரே பின்பக்கம் சென்று இயந்திரத்தைச் சரித்துத் தூக்கினார். விசிறியில் கைமுட்டி அளவுக்குப் பச்சைக் கயிறு சுற்றியிருந்தது. அதனோடு கிழிந்த நண்டு வலைத்துண்டும், ஒரு ரெஜிபோம் மிதப்பும் தொங்கின.

கயிற்றை எடுத்து முடிக்க நாற்பது நிமிடம் சென்றது. அந்த நாற்பது நிமிடமும் தாய் பேசவில்லை. பிள்ளையின் நெற்றியைத் தொடுவதும் குறிகட்டுவான் பக்கம் பார்ப்பதுமாக இருந்தார். நல்ல காலம், பகல் வெளிச்சம் இருந்தது, நங்கூரம் பிடித்தது, ஒருவேளை பிடிக்காது போயிருந்தாலும் சோளகம் எம்மை நயினாதீவு, புங்குடுதீவுப் பக்கமே தள்ளியிருக்கும். அதே கயிறு மார்கழி வாடையில் சுற்றியிருந்தால் படகு தென்மேற்கே, கச்சதீவுப் பக்கம், திறந்த கடலை நோக்கி ஒதுங்கியிருக்கும்.

தீவகத்தில் நடுக்கடலில் நின்றுபோன படகு என்பது வெறும் தாமதம் அல்ல. 1985 மே 15 ஆம் திகதி குமுதினிப் படகு கடலில் மறிக்கப்பட்டு, அதில் வந்த பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்ட நாளை நெடுந்தீவு மக்கள் இன்றும் ஆண்டுதோறும் நினைவுகூருகின்றனர். அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஒருவருக்கு, கடலில் இயந்திரம் ஓய்ந்த அமைதி எதை நினைவூட்டும் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

அன்றைய பயணத்துக்குப் பின் ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவுக் கரைகளில் சந்தித்தவர்களிடமெல்லாம் இதைப் பற்றியே கேட்டோம். கயிறு சுற்றாத படகுக்காரர் ஒருவரைக்கூட நாம் காணவில்லை. ஆனால் இதை ஒரு விடயமாக எடுத்துப் பேசுபவரும் அரிது. “அது நெடுக நடக்கிறதுதானே” என்று முடித்துவிடுகிறார்கள். நெடுக நடப்பதால்தான் இதைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

முன்னைய நாட்களில் இந்தச் சிக்கல் இருக்கவில்லை. பாயும் மரக்கோலும் கொண்டு ஓடிய வள்ளத்துக்கு விசிறி இல்லை. கயிறும் தென்னந்தும்பு, நாளடைவில் உக்கிப்போகும். 1950களின் இறுதியிலும் 1960களிலும் இலங்கைக் கரைகளுக்கு இயந்திரமும் செயற்கை நூல் வலையும் ஏறத்தாழ ஒன்றாகவே வந்து சேர்ந்தன. சுழலும் விசிறியும் உக்காத கயிறும் ஒரே கடலில் சந்தித்தது அன்றுதான். இன்று தீவகத்தைச் சுற்றி நண்டு வலைகள், களங்கண்டிகள், அண்மைய ஆண்டுகளில் வந்த கடலட்டைப் பண்ணைகளின் வலை அடைப்புகள் என்று எங்கு பார்த்தாலும் கயிறு. ஆழம் குறைந்த கடல் என்பதால் தொழிலும் பயணமும் ஒரே ஒடுங்கிய வழிகளில்தான் நடக்கின்றன. வலை விடுபவருக்கும் படகு ஓட்டுபவருக்கும் ஒதுங்க இடமில்லை.

இத்தோடு இந்திய இழுவைப் படகுகளின் விடயமும் உண்டு. நெடுந்தீவுக் கடலுக்குள் வந்து போகும் இழுவைப் படகுகள் எம்மவரின் வலைகளை அறுத்துச் செல்கின்றன என்பது தீவகத் தொழிலாளரின் நெடுநாள் முறைப்பாடு. அடிமட்ட இழுவைத் தொழிலை 2017 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் இலங்கைக் கடலில் தடைசெய்திருக்கிறது. அறுந்த வலையின் உரிமையாளர் தமது நட்டத்தை எண்ணிக்கொண்டு கரைக்கு வந்துவிடுவார். ஆனால் வலையின் எச்சம் கடலில் மிதந்துகொண்டே இருக்கும். அடுத்து வரும் படகை அது நாடு பார்த்துப் பிடிப்பதில்லை. எனினும் எல்லாப் பழியையும் அக்கரையில் போட்டுவிட முடியாது. எம்மை நிறுத்திய பச்சைக் கயிறு எம்மவர் கட்டிய முடிச்சோடுதான் வந்தது. படகுக்காரரே அதைத் தடவிப் பார்த்து, “இது எங்கடை ஆக்களின்ரை முடிச்சு” என்றார்.

விசிறிக்குள் நடப்பது என்ன?

கயிறு தானாக விசிறியைத் தேடி வருவதில்லை. விசிறி சுழலும்போது முன்னாலுள்ள நீரை இழுத்துப் பின்னால் தள்ளுகிறது. நீர்மட்டத்தில் தளர்ந்து மிதக்கும் கயிறு அந்த இழுப்பில் உள்ளே போகிறது. ஓர் இதழில் மாட்டினால் போதும். நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் சுழலும் தண்டு சில விநாடிகளில் பல பாகம் கயிற்றைச் சுற்றி இறுக்கிவிடும். இறுக்கத்தில் உராய்வு, உராய்வில் சூடு. பொலிஎதிலீன், பொலிப்புறோப்பிலீன் கயிறுகள் குறைந்த சூட்டிலேயே இளகி, பின் குளிர்ந்து, ஒரே கட்டியாகிவிடும். கயிறு சுற்றியதை உணர்ந்த பின்னும் இயந்திரத்தை முடுக்குபவர் தம் கையாலேயே அந்தக் கட்டியை வார்க்கிறார். பொடியனின் கையைப் படகுக்காரர் தடுத்ததன் காரணம் அதுதான்.

கண்ணுக்குத் தெரியும் தடித்த கயிறு அவ்வளவு கெட்டதல்ல. மெல்லிய தங்கூசி நூல்தான் கள்ளன். அது விசிறிக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையில் புகுந்து, தண்டைச் சுற்றியுள்ள ஒயில் சீலை மெல்ல மெல்ல அறுக்கும். படகு வழமைபோல் ஓடும். உப்புநீர் உள்ளே போகும். ஒரு மாதம் கழித்துக் கியர் ஒயிலைத் திறந்து பார்த்தால் பால் கலந்த தேநீர்போல் வெளுத்திருக்கும். அதற்குள் பற்சில்லுகள் துருப்பிடித்திருக்கும். சில ரூபாய் நூல் ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பைத் தின்றுவிடுகிறது. கயிறு சுற்றிய ஒவ்வொரு தடவையும், கரைக்கு வந்த பின் விசிறியைக் கழற்றி அதன் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று இயந்திரம் திருத்துபவர்கள் சொல்வது இதனால்தான். கழற்றுவது கடினமும் அல்ல. கொட்டர் பின்னை நிமிர்த்தி எடுத்து, நட்டைக் கழற்றினால் விசிறி கையோடு வந்துவிடும். வாசர்கள் எந்த ஒழுங்கில் வந்தனவோ அதே ஒழுங்கில் திரும்பப் போகவேண்டும். பழைய பின்னை நெளித்துத் திரும்பப் போடுவது எம்மவர் வழக்கம். புதிய பின் இரண்டைப் போத்தலொன்றில் கிறீசோடு போட்டுப் படகில் வைத்தால் என்ன குறை?

கடலில் வைத்து எடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. அன்று எம் கண்முன் நடந்ததைச் சொல்கிறோம். இயந்திரத்தை நிறுத்தி, அவசரத்தில் இயந்திரத்தை அணைக்கும் சிவப்புப் பாதுகாப்புக் கயிற்றையும் கழற்றித் தம் இடுப்பில் சொருகிக்கொண்டார் படகுக்காரர். விசிறியைக் கையால் திருப்பும்போது இயந்திரம் தற்செயலாகப் பற்றிக்கொண்டால் விரல்கள் போய்விடும். எல்லோரும் முன்னுக்கு இருந்ததால் பின்பக்கம் இலேசாகி உயர்ந்தது. கயிற்றின் தொங்கும் நுனியைத் தேடிப் பிடித்தார். முன்னோக்கி ஓடும்போது விசிறி எப்பக்கம் சுழலுமோ அதற்கு எதிர்ப்பக்கமாகக் கையால் திருப்பிக்கொண்டே நுனியை இழுத்தார். இரண்டு பாகம் அப்படியே கழன்று வந்தது. பிறகு இறுகிய கட்டி. அதற்கு அவர் எடுத்தது கூரான மீன் கத்தியை அல்ல. பாண் வெட்டும் கத்தியை. வாள்போல் பல் உள்ள அலகுதான் செயற்கைக் கயிற்றை அறுக்கும். வழுவழுப்பான அலகு வழுக்கிக் கைக்கு வரும். சுற்றுகளுக்குக் குறுக்காக, தண்டின் நீளப்பாட்டில், சீல் இருக்கும் பக்கத்தை விட்டு விலத்தி அறுத்தார். அறுத்த துண்டு ஒவ்வொன்றையும் பொடியனிடம் கொடுத்தார். அவன் முதல் துண்டைக் கடலில் எறியப் பார்த்தபோது வாங்கிய ஏச்சை இங்கே எழுத முடியாது.

மூன்றரைத் தொன் படகுகளிலும் பயணிகள் படகுகளிலும் இந்த வசதி இல்லை. அவற்றின் விசிறி அடியில் நிலையாகப் பொருத்தப்பட்டது. தூக்க முடியாது, ஆள் இறங்கத்தான் வேண்டும். இங்கேதான் உயிராபத்து. அலையில் படகின் பின்பக்கம் உயர்ந்து தாழும்போது, அடியில் நிற்பவரின் தலையில் பல தொன் பாரம் இறங்குகிறது. சுக்கானும் விசிறி இதழும் மண்டையைப் பிளக்கப் போதுமானவை. அவர் அறுக்கும் கயிற்றிலேயே அவரது கால் மாட்டிக்கொள்ளலாம். இறங்குவதாயின் திறப்பு இறங்குபவரின் கழுத்திலோ இடுப்பிலோ இருக்க வேண்டும். இடுப்பில் ஒரு கயிறு கட்டி, மேலே ஒருவர் வேறு வேலையின்றி அதைப் பிடித்திருக்க வேண்டும். அலை பெரிதாக இருந்தால் இறங்கவே கூடாது. நங்கூரமிட்டு, உதவிக்கு ஆள் அழைத்து, இன்னொரு படகு வந்து இழுக்கும்வரை காத்திருப்பதில் மானக்குறைவு எதுவும் இல்லை. இதைச் சொன்னபோது ஊர்காவற்றுறையில் வயதான தண்டையல் ஒருவர் சிரித்தார். “காத்திருக்கத் தெரிஞ்சவன்தான் கடலிலை கிழவனாகிறான்” என்றார்.

இழுபடும் கயிறும் விசிறிக்குப் பகைதான் என்பதைக் கிளாலிக் கடனீரேரியைக் கடந்த தலைமுறை அறியும். 1990களின் முற்பகுதியில், ஆனையிறவுத் தரைப்பாதை மூடியிருந்த காலத்தில், ஓர் இயந்திரப் படகின் பின்னால் பல வள்ளங்களைக் கயிற்றால் தொடுத்து, இருளில், வெளிச்சம் இன்றி, மக்களை இழுத்துச் சென்றார்கள். முன்படகு வேகம் தணித்தால் கயிறு தளரும். தளர்ந்த கயிறு விசிறிக்குள் போகும். அப்போது அந்தத் தொடர் முழுவதும் நடுநீரில் நின்றுவிடும். இன்று கெட்டுப்போன படகொன்றை இழுத்துவரும்போதும் இதே தவறு நேர்கிறது. கயிற்றை எறிந்து கட்டி முடிக்கும்வரை விசிறி சுழலக் கூடாது; இழுக்கத் தொடங்கிய பின் கயிறு தளரக் கூடாது.

கயிறு ஒரு பெரிய பயணிகள் கப்பலை என்ன செய்யும் என்பதற்குத் தென்கொரியாவில் ஒரு துயரக் கதை உண்டு. 1993 ஒக்ரோபர் 10 ஆம் திகதி விடோ என்னும் சிறு தீவிலிருந்து பெருநிலத்துக்குப் புறப்பட்ட சொஹே என்னும் கப்பலில் 362 பேர் இருந்தார்கள். அதில் ஏறக்கூடியவர்கள் 221 பேர்தான். காற்று கடுமையாக இருந்தது. கப்பல் கவிழ்ந்து 292 பேர் இறந்தார்கள். பின்னர் அதைத் தூக்கியெடுத்தபோது விசிறித் தண்டுகளில் மீன்பிடி நைலோன் கயிறு சுற்றியிருக்கக் கண்டார்கள். காலநிலை, மிகைப்பாரம், கயிறு ஆகிய மூன்றும் அன்று ஒன்றுகூடின. உந்துவிசை இழந்த படகு தானாகவே அலைக்குப் பக்கவாட்டாகத் திரும்பிவிடுகிறது. பாரம் மிகுந்த படகை அந்த நிலையில் கவிழ்க்கப் பேரலை தேவையில்லை. எம் படகுக்காரர் விசிறியைப் பார்க்கு முன் நங்கூரத்தைத் தேடியதன் பொருள் இதை வாசித்தபோதுதான் எமக்கு முழுதாக விளங்கியது. ஆனி மாதத்தில் நயினை நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கும், மாசி, பங்குனியில் கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கும் இந்தக் கடலில் எத்தனை ஆயிரம் பேர் படகேறுகிறார்கள்! பாதுகாப்பு அங்கியைப் போடச் சொன்னால் புழுக்கம் என்று மடியில் வைத்திருப்பவர்களை நாம் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்! (அவர்களில் நாமும் ஒருவராக இருந்ததுண்டு என்பதையும் ஒத்துக்கொள்கிறோம்.)

விசிறி வெளியே இல்லாத படகு

புங்குடுதீவில் தேநீர்க் கடையொன்றில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது இளைஞர் ஒருவர் கேட்டார்: “விசிறி வெளியிலை இல்லாத படகு இருக்குதாமே. அதை எடுத்தால் இந்தக் கரைச்சல் இல்லைத்தானே?”

அவர் கேட்டது ஜெற் படகைப் பற்றி. ஆழமற்ற நீருக்கென்றே பிறந்த படகு அது. நியூசிலாந்தின் தென்தீவில் பண்ணை வைத்திருந்த பில் ஹமில்ரன் என்பவர், தம் ஊரின் கல்லும் மணலும் நிறைந்த, முழங்கால் ஆழ ஆறுகளில் ஓடக்கூடிய படகொன்றை விரும்பினார். 1950களில் அவரது பட்டறையில் அது உருப்பெற்றது. படகின் அடியில் உள்ள வாய் நீரை உறிஞ்சுகிறது. உள்ளே குழாய்க்குள் சுழலும் விசிறி அதை அழுத்தி, பின்பக்கத் துவாரம் வழியாகத் தாரையாகப் பீய்ச்சுகிறது. படகு முன்னே பாய்கிறது. அந்தத் தாரையைத் திருப்பினால் படகும் திரும்பும். அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பாகம் எதுவும் இல்லை. எவரெஸ்ற் சிகரத்தில் ஏறிய எட்மண்ட் ஹிலறி 1977 இல் இத்தகைய மூன்று படகுகளில் கங்கையின் கழிமுகத்திலிருந்து இமயம் நோக்கி எதிர்நீரோட்டத்தில் சென்றார். இலங்கைக் கடற்படையின் சில வேகப் படகுகளும் இவ்வாறே நீர்த்தாரையால் ஓடுபவை. மேலோட்டமாகப் பார்த்தால், பல இடங்களில் இடுப்பளவு நீர் மட்டுமே உள்ள தீவகக் கடலுக்கு இதைவிடப் பொருத்தம் வேறில்லை என்றே தோன்றும்.

ஆனால் கயிற்றுக்கு இதுவும் விதிவிலக்கல்ல. சாதாரண விசிறி வழியில் வரும் கயிற்றில் மாட்டுகிறது. ஜெற் படகோ கயிற்றை உறிஞ்சி எடுக்கிறது. வாயில் கம்பித் தட்டி இருக்கும். கல்லை அது தடுக்கும். கயிற்றின் நுனியோ கம்பிகளுக்கிடையே பாம்புபோல் நுழைந்துவிடும். உள்ளே தண்டில் சுற்றி, விசிறிக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியில் இறுகிக்கொள்ளும். சாதாளையும் பொலித்தீன் பையும் தட்டியை மூடினால், இயந்திரம் வேகமெடுத்துக் கத்தும், படகு நகராது. கயிறு சுற்றினால் இயந்திரம் முக்கி முனகி நின்றுவிடும். சத்தத்தின் வேறுபாட்டைக் கொண்டே உள்ளே என்ன இருக்கிறதென்று பழகியவர் சொல்லிவிடுவார். இதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. ஜெற் படகில் பெரும்பாலும் தனியான சுக்கான் இல்லை. தாரை நின்றால் திருப்பும் வல்லமையும் நின்றுவிடும். இறங்குதுறையை நெருங்கும்போது கயிறு உள்ளே போனால் ஓட்டுபவரின் கையில் எதுவும் இல்லை.

எடுப்பதற்கு வழி உண்டு. அதுவும் வெளி விசிறியைவிட ஒருவகையில் நல்ல வழி. பல ஜெற் படகுகளில் நீர்க்குழாயின் மேற்புறத்தில், படகின் உள்ளிருந்தே திறக்கக்கூடிய ஒரு மூடி இருக்கிறது. ஆள் கடலில் இறங்கத் தேவையில்லை. ஆனால் மூடியைத் திறக்குமுன் படகு நின்ற நிலையில் அந்த மூடி நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்பக்கம் பாரமாக இருந்தால் மூடியைத் திறந்தவுடன் கடல் உள்ளே வந்துவிடும். ஆட்களை அணியத்துக்கு அனுப்பும் அதே பழைய பாடம் இங்கேயும் வருகிறது. திறப்பை எடுத்துச் சட்டைப்பையில் போட்ட பின்தான் கையை உள்ளே விட வேண்டும். குழாய்க்குள் சுழலும் விசிறி கையைத் திருப்பித் தராது. நுனியைப் பிடித்து, தண்டைக் கையால் எதிர்ப்பக்கம் திருப்பி, கழன்றதை இழுத்து, கழலாததை அறுத்து எடுக்க வேண்டும். அறுத்த துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு சாண் உள்ளே தங்கினாலும் அது மறுபடி சுற்றும். மூடியைத் திரும்பப் பூட்டும்போது அதன் றப்பர் வளையம் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் ஓடத் தொடங்கினால், அழுத்தத்தில் நீர் படகுக்குள்ளேயே பீய்ச்சும். மேலிருந்து எட்டாத கயிறாயின் மணற்கரையில் ஏற்றி, அடியிலுள்ள தட்டி வழியாக எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் இளைஞர், “அப்ப எந்தப் படகெண்டாலும் கயிறுதான் பெரியாள்” என்றார். விலையையும் எரிபொருள் செலவையும் கூட்டிப் பார்த்தால் எமது சிறு தொழிலாளருக்கு ஜெற் படகு கைக்கெட்டும் பொருளே அல்ல. வேகம் குறைந்த, பாரம் ஏற்றும் படகுக்குத் தாரையைவிட வெளி விசிறியே எரிபொருளை மிச்சப்படுத்தும். எனவே படகை மாற்றும் பேச்சை விட்டுவிட்டுக் கயிற்றிடம் திரும்புவோம்.

கயிற்றில் ஒரு சின்ன விடயம் பலருக்குத் தெரியாமல் இருப்பதைக் கண்டோம். கடையில் எந்தச் செயற்கைக் கயிற்றையும் ‘நைலோன் கயிறு’ என்றே கேட்டு வாங்குகிறோம். உண்மையான நைலோன் நீரைவிடப் பாரமானது, தாழும். பச்சையும் நீலமுமாக மலிவாகக் கிடைக்கும் பொலிஎதிலீன், பொலிப்புறோப்பிலீன் கயிறுகள் நீரைவிட இலேசானவை, மிதக்கும். ஒரு முழத் துண்டை வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். மிதக்கும் கயிற்றில் மிதப்புக் கட்டி, ஆழத்துக்கு மேல் இரண்டு மூன்று பாகம் தளர விட்டால், மிஞ்சிய கயிறு முழுவதும் நீர்மட்டத்தில் பாம்புபோல் நெளிந்துகொண்டு விசிறிக்காகக் காத்திருக்கும். மிதப்பிலிருந்து ஒரு பாகம் கீழே சிறிய ஈயக்குண்டு ஒன்றை, அதுவும் இல்லையேல் துளையிட்ட கல்லொன்றைக் கட்டினால், தளர்ந்த கயிறு நேராகக் கீழே தொங்கும். படகு மிதப்புக்கு அருகால் போனாலும் விசிறிக்கு எட்டாது. இதற்கு ஆகும் செலவு ஒரு நேரத் தேநீர்க் காசைத் தாண்டாது.

அறுந்த கயிற்றைக் கடலில் போடக் கூடாது என்பது உலகச் சட்டமும்கூட. கப்பல்களால் கடல் மாசடைவதைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கையின் குப்பை பற்றிய பிரிவு 1988 இன் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. செயற்கைக் கயிறும் வலையும் அதில் பெயர் சொல்லியே தடுக்கப்பட்டுள்ளன. குறிகட்டுவானில் கயிற்றுத் துண்டைக் கடலில் எறியும் ஒருவரை அந்த உடன்படிக்கை வந்து பிடிக்கப் போவதில்லை. ஆனால் துறையடியில் ஒரு பழைய பீப்பாவை வைத்து, “கயிறு, வலைத்துண்டு இதற்குள்” என்று எழுதிவிடுவதற்கு எந்தத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டியதில்லை. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் ஒரு கூட்டத்தில் பேசி முடிக்கக்கூடிய விடயம் இது. வலை விடக் கூடாத பயணவழி எது என்பதையும் அதே கூட்டத்தில் சேவைப் படகுக்காரரை அழைத்துப் பேசலாம். கடலட்டைப் பண்ணைக்காரருக்கு அடைப்பின் மூலைகளில் இரவில் தெரியும் அடையாளம் போடச் சொல்லலாம். நாம் பேசிப் பார்த்த ஓர் ஊரில், “வலைக்காரனும் படகுக்காரனும் ஒரே வாங்கிலை இருக்க மாட்டாங்கள்” என்று சொன்னார்கள். அவ்விரு தரப்பிலும் பெரும்பாலானோர் ஒரே குடும்பத்தவர்கள் என்பதை நாம் நினைவூட்டியபோது, “அதாலைதான்” என்று பதில் வந்தது.

அன்று பின்னேரம் ஆறு மணியளவில் குறிகட்டுவானில் இறங்கினோம். தாய் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு யாழ்ப்பாணம் போகும் கடைசி வண்டியை நோக்கி ஓடினார். ஆசிரியர் முன்னே ஓடி வண்டியை மறித்தார். படகுக்காரர் காசு வாங்கவில்லை. இறங்குதுறைப் படியில் குந்தியிருந்து, அறுத்தெடுத்த துண்டுகளைத் தரம் பிரித்தார். உருகிக் கட்டியானது ஒரு பக்கம். நல்ல கயிறு மறுபக்கம். நல்லது நான்கு பாகம் வரை தேறியது. மாடு கட்ட உதவும் என்று பொடியனிடம் சுருட்டிக் கொடுத்தார். வலைத்துண்டில் இன்னும் உயிரோடிருந்த சிறு நண்டு ஒன்றை எடுத்துத் தண்ணீரில் விட்டார். பிறகு பாண் கத்தியைத் துடைத்து, இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஒரு முழ நூலில் கட்டித் தொங்கவிட்டார்.